தேர் பவனி: வடசென்னைக் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் புதிய விழாக் கமிட்டியினருக்கு ஒரு வழிகாட்டி

திருவிழாக் கமிட்டியில் புதிதாகப் பெயர் கொடுப்பவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்பது, "இந்த வருஷம் தேரை எவ்வளவு உயரம் கட்டலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. தேர் போகிற வழியில் இருப்பதிலேயே தாழ்வான கம்பி எத்தனை அடியில் தொங்குகிறது? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உள்தெருக்களைத் தேரை மனத்தில் வைத்து யாரும் போடவில்லை. மேலே கேபிள் ஒயர், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, கீழே உடைந்த வடிகால் சிலாப், ஓரமெல்லாம் பைக். முதலில் தெருவை அளந்துவிட்டு, அந்த அளவுக்குள் தேரைக் கட்டுங்கள். பவனியில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் செய்வதால் வருபவை.

நாள் குறிப்பது

பாதுகாவலரின் (கோயில் யார் பெயரில் உள்ளதோ அந்தப் புனிதரின்) திருநாள் நாட்காட்டியில் நிலையானது. வனத்து அந்தோணியார் ஜனவரி 17, செபஸ்தியார் ஜனவரி 20, லூர்து மாதா பிப்ரவரி 11, பதுவை அந்தோணியார் ஜூன் 13, ராயப்பரும் (பேதுரு) சின்னப்பரும் (பவுல்) ஜூன் 29, சந்தியாகப்பர் ஜூலை 25, ஆரோக்கிய மாதா செப்டம்பர் 8, சவேரியார் டிசம்பர் 3. கொடியேற்ற நாளை இதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விழாவுக்கு முன் ஒன்பது நாள் ஜெபம் நடக்கும், அதுதான் நவநாள். அதை எண்ண இரண்டு கணக்கு உண்டு. கொடியேற்றும் நாளையே முதல் நவநாளாகக் கொண்டால் ராயப்பர் விழாவுக்கு ஜூன் 20-இல் கொடி ஏறும். கொடியேற்றத்தைத் தனியாக விட்டு மறுநாளிலிருந்து ஒன்பது எண்ணினால் ஜூன் 19. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடி ஏற்றி செப்டம்பர் 8-இல் விழா முடிப்பது இரண்டாவது கணக்கு. உங்கள் பங்கில் எது வழக்கம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டு, நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். அன்பியங்களுக்கு (பங்கின் பகுதிவாரிக் குடும்பக் குழுக்களுக்கு) நாள் பிரித்துக் கொடுத்த பிறகு ஒரு நாள் இடித்தால் ஒன்பது அன்பியத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திருநாள் வாரநாளில் விழுந்தால் பெருவிழாத் திருப்பலியை ஞாயிறுக்கும் பவனியை சனிக்கிழமை மாலைக்கும் தள்ளுகிற பங்குகள் பல. மீனவ மக்கள் அதிகமுள்ள பங்கில் இதில் ஒரு சிக்கல் உண்டு. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் நள்ளிரவு தாண்டியதுமே சூடு பிடித்துவிடும். சனிக்கிழமை பவனி பத்து மணிக்கு மேல் இழுத்தால், தேர் கோயிலுக்குத் திரும்பும்போது தள்ளத் தெரிந்த ஆண்கள் பாதிப்பேர் துறைமுகத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். மீன்பிடித் தடைக்காலத்தையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பதுவை அந்தோணியார் விழா சரியாகத் தடையின் வாலில் வரும். எல்லோரும் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. ராயப்பர் விழாவுக்கு நேர்மாறு: காசு புரள ஆரம்பித்திருக்கும், ஆள் கடலில் இருப்பார். முதல் விழாவுக்கு வசூலைத் தடைக்கு முன்பே முடியுங்கள். இரண்டாவதற்குத் தேர் தள்ளும் ஆட்களின் பெயரை எழுதி வாங்கும்போதே, படகு எந்த நாள் திரும்பும் என்றும் கேட்டு எழுதுங்கள்.

தெருவை அளப்பது

பவனிக்கு ஒரு மாதம் முன்பு மூன்று பேர் முழுப் பாதையையும் இரண்டு முறை நடக்க வேண்டும். பகலில் ஒரு முறை, பவனி நேரமான இரவு ஏழு மணிக்கு ஒரு முறை. பகலில் காலியாக இருக்கும் தெருவில் இரவில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும், முனையில் பஜ்ஜிக் கடை வந்திருக்கும். ஒருவர் மேலே மட்டும் பார்க்கட்டும், ஒருவர் தரையை மட்டும் பார்க்கட்டும், மூன்றாமவர் எழுதட்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

கம்பியின் உயரத்தை அளக்கக் கழியைத் தூக்கிக் கம்பியைத் தொடவே தொடாதீர்கள். மூங்கில் ஈரப்பதத்தில் மின்சாரத்தைக் கடத்தும், கடலோரக் காற்றில் அது எப்போதும் கொஞ்சம் ஈரம்தான். பத்திரமான வழி இது: கம்பிக்கு நேர் கீழே தரையில் 2 மீட்டர் பிவிசி பைப்பை நிமிர்த்தி நிறுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று பைப்பும் கம்பியும் தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுங்கள். படத்தில் பைப் 4 செ.மீ., தரையிலிருந்து கம்பி 9 செ.மீ. இருந்தால் கம்பியின் உயரம் நாலரை மீட்டர். சில அங்குலம் பிசகும். அந்தப் பிசகைத் தாங்குகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் தேர் கட்டப் போகிறீர்கள்.

மின்வாரிய விதிப்படி தெருவோரமாகப் போகும் தாழ்வழுத்தக் கம்பி 5.5 மீட்டரிலும், தெருவைக் குறுக்கே கடப்பது 5.8 மீட்டரிலும் இருக்க வேண்டும். கம்பி தொய்யும். புது ரோடு போடப்போடத் தெரு உயரும், கம்பம் உயராது. ஆகவே விதியை நம்பாமல் அளவை நம்புங்கள். மின்கம்பிக்கும் தேரின் உச்சிக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும். அப்படிப் பார்த்தால், கம்பி விதிப்படி 5.5 மீட்டரில் இருந்தால்கூட, தரையிலிருந்து கும்பத்தின் நுனிவரை, மேலே செருகும் பூவையும் சேர்த்து, 4 மீட்டர்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஆசைப்படும் கமிட்டிக்காரர்களிடம் இரண்டு சம்பவங்களைச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் அந்தோணியார் ஆலயத் திருவிழா வேலையின்போது உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் தேரே சம்பந்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சீரியல் செட் கட்டுகிறவரின் ஏணியும் உங்கள் பொறுப்புதான்.

கேபிள் டிவி, இன்டர்நெட் ஒயர்கள் இன்னும் தாழ்வாகத் தொங்கும். பவனியன்று கவட்டைக் கம்போடு நாலு பையன்களை முன்னால் அனுப்பித் தூக்கிக்கொண்டே போவது வடசென்னையில் சாதாரணம். அது கெட்ட பழக்கம். இருட்டில் எது கேபிள், எது கரண்ட் ஒயர் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஒரு வாரம் முன்பே கேபிள்காரரிடம் சொல்லி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அவர் சந்தா வாங்குகிற வீடுகளிலிருந்து நாலு பேர் போய்க் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ரயில்வே கேட்டைக் கடக்கும் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு மேல் போவது 25,000 வோல்ட் கம்பி. அதன் கீழே பூச்சரம் காற்றில் பறக்கிற தேரைக் கொண்டுபோக நியாயமான காரணம் எதுவும் கிடையாது. சுரங்கப்பாதையும் வேண்டாம், இறக்கத்தில் தேரைப் பிடித்து நிறுத்த ஆள் பலம் போதாது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். அதைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒரே இடத்தில், போக்குவரத்துப் போலீஸ் நிற்கும்போது நேர்குறுக்காகக் கடந்துவிடுங்கள்.

தரையில் பார்க்க வேண்டியது சிலாப்பும் மேன்ஹோல் மூடியும். ஆள் நடந்தால் தாங்கும் வடிகால் சிலாப் தேரின் ஒரு சக்கரம் ஏறினால் பிளந்துவிடும், ஏனென்றால் மொத்த எடையில் கால்வாசி அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. சந்தேகமுள்ள சிலாப்பின் மேல் போட முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை இரண்டு, நான்கடிக்கு நான்கடி, தேரோடு கூடவே வரட்டும்.

திருப்பங்களைப் பரிசோதிக்கத் தேரை இழுத்துவர வேண்டாம். தேரின் நீள அகலத்துக்குக் கயிற்றில் ஒரு சதுரம் கட்டி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் நடந்து பாருங்கள். எந்த மூலை எந்த வீட்டுப் படியில் இடிக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பைக் நிற்கும் 20 அடித் தெருவில் 6 அடி அகலத்துக்கு மேல் தேர் போனால் ஓரத்தில் நடப்பவர்கள் நசுங்குவார்கள்.

நேரக் கணக்கு

தேர் பவனி மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். 2 கிலோமீட்டர் பாதைக்கு நடை மட்டும் 80 நிமிடம். மாலை போட, மந்திரிக்க (ஆசீர்வதிக்க) 15 இடங்களில் மூன்று மூன்று நிமிடம் நின்றால் இன்னும் 45. ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரை தாண்டித்தான் கோயில் வாசலுக்கு வருவீர்கள். பிறகு நற்கருணை ஆசீர். ஒன்பதே கால், ஒன்பதரைக்கு முடியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆக மிச்சம் அரை மணி நேரம்தான், அதையும் மழைக்கும் டயர் பஞ்சருக்கும் ஒதுக்கி வையுங்கள்.

கணக்கைக் கெடுப்பது நிறுத்தங்கள். பதினைந்து இடம் என்று அறிவித்தால் நாற்பது வீட்டு வாசலில் மாலையோடு நிற்பார்கள். யாரையும் தவிர்க்க முடியாது, தவிர்த்தால் அடுத்த வருஷ வசூலில் தெரியும். அதனால் இரண்டு பேரைத் தேருக்கு முன்னால் இருபதடி தள்ளி நடக்க வையுங்கள். அவர்கள் மாலையையும் காணிக்கையையும் முன்கூட்டியே வாங்கித் தேரில் ஏற்றிவிடுவார்கள், தேர் நிற்காமல் மெதுவாக நகரும். அறிவித்த இடங்களில் மட்டும் முழுதாக நின்று ஃபாதர் ஜெபம் சொல்லட்டும். இந்து வீடுகளிலிருந்து தேங்காய், பழம், பூ வைத்த தட்டு வரும். அதை வாங்கத் தெரிந்த, சிரித்த முகமுள்ள ஒருவரை இந்த வேலைக்குப் போடுங்கள். "இதெல்லாம் இங்கே கிடையாது" என்று ஒரு பையன் சொல்லிவிட்டால் பத்து வருஷப் பழக்கம் கெட்டுப்போகும்.

பாதையில் மசூதி இருந்தால் மாலைத் தொழுகை நேரத்தை ஜமாத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் சென்னையில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.40. அந்த நேரத்தில் பேண்டு மசூதித் தெருவில் இல்லாதபடி பாதையின் திசையைத் திருப்பிக்கொள்வது, அங்கே போய் வாத்தியத்தை நிறுத்துவதைவிடச் சுலபம்.

அனுமதி

பங்குத்தந்தையின் கையெழுத்தோடு ஒரே கடிதம் போதும், நகல்கள்தான் பல. பாதையின் வரைபடம், தொடங்கி முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், தேர்களின் எண்ணிக்கையும் உயரமும், மைக் செட் விவரம், பொறுப்பாளர் ஐந்து பேரின் மொபைல் எண். இதை உள்ளூர்க் காவல் நிலையம், போக்குவரத்துப் போலீஸ், மாநகராட்சி மண்டல அலுவலகம், ஈபி பிரிவு அலுவலகம் ஆகியவற்றில் மூன்று வாரம் முன்பே கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். திருவொற்றியூர் 1-ஆவது மண்டலம், தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5. இரண்டு காவல் நிலைய எல்லைக்குள் பாதை போனால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பாக்ஸ் ஸ்பீக்கர் மட்டும். ஈபி-யிடம் கேட்க வேண்டியது இரண்டு: தாழ்ந்த கம்பியை உயர்த்த முடியுமா, முடியாவிட்டால் தேர் கடக்கும் பத்து நிமிடம் அந்தத் தெருவுக்கு சப்ளையை நிறுத்த லைன்மேன் கூட வருவாரா.

தேரும் விளக்கும்

தோளில் தூக்கும் சப்பரமா, சக்கரத் தேரா என்பதை எடை முடிவு செய்யும். அலங்காரத்தோடு 200 கிலோ வரும் சப்பரத்தை எட்டுப் பேர் தூக்கினால் ஆளுக்கு 25 கிலோ. தாங்கும், ஆனால் பத்து நிமிடத்துக்குத்தான். மூன்று அணி, 24 பேர் வேண்டும். ஒரே அணியில் இருப்பவர்களின் தோள் உயரம் ஒன்றாக இருக்கட்டும். உயரமானவர் ஒருவர் நின்றால் முழு எடையும் அவர்மேல் சாயும். ஆள் மாற்றும்போது சப்பரம் தாங்குகட்டையில் நிற்க வேண்டும். நடந்துகொண்டே தோள் மாற்றுவது பார்க்க அழகு, சுரூபம் (புனிதரின் சிலை) சாய்வதும் அப்போதுதான். சக்கரத் தேர் என்றால் முட்டுக்கட்டை போட இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவர். அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், வடம் பிடிக்கவும் அழைக்காதீர்கள். வடத்துக்கு உள்ளே குழந்தைகளை விடக் கூடாது.

சுரூபத்தை அடிப்பீடத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, இடுப்பளவில் நைலான் பெல்ட்டால் பின்தூணோடு கட்டுங்கள். பெல்ட்டை அங்கி மறைத்துக்கொள்ளும். கையிலோ கழுத்திலோ கட்டினால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே விரல் உடையும். அந்தோணியாரின் கையிலிருக்கும் குழந்தை இயேசு தனியாகக் கழலும் வகையா என்று முன்பே ஆட்டிப் பாருங்கள்.

தேரின் சட்டம் இரும்பு. அதன்மேல் 230 வோல்ட் சீரியல் செட்டைச் சுற்றி, ஈரப் பூவை வைத்து, வியர்த்த கையோடு ஐம்பது பேர் தொடுகிறார்கள். ஓடும் தேரில் எர்த் கொடுக்கவும் முடியாது. ஆகவே மக்கள் கைபடும் இடத்தில் 12 வோல்ட் எல்ஈடி மட்டும் போடுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் 1,200 வாட்-மணி இருக்கும். பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 100 வாட் விளக்குகள் ஆறு மணி நேரம் எரியும். சின்ன, நடுத்தரத் தேருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. சுரூபத்தின் முகத்துக்கு மஞ்சள் வெளிச்சம், 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை ஃப்ளட் லைட்டில் எல்லாப் புனிதரும் சுண்ணாம்பு பூசின மாதிரி தெரிவார்கள்.

மைக் செட்டுக்கும் தெருவெளிச்சத்துக்கும் ஜெனரேட்டர் வேண்டும் என்றால் அது தேரில் ஏறக் கூடாது. மீன்பாடி வண்டியில் வைத்து, புகைக்குழாய் பின்பக்கம் பார்க்க, தேரிலிருந்து முப்பதடி தள்ளி வரட்டும். 5 கேவிஏ என்று எழுதியிருந்தால் 4 கிலோவாட்தான் கிடைக்கும், 3-க்கு மேல் ஏற்றாதீர்கள். பெட்ரோல் ஊற்றும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது. பட்டாசு வெடிப்பவர்கள் எந்த முனையில் நிற்பார்கள் என்று முன்பே பேசி, வண்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பூவை மதியம் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள். கோயம்பேட்டில் விலை முகூர்த்த நாளைப் பொறுத்தது. ஆனியிலும் தையிலும் கல்யாணம் அதிகம், ராயப்பர் விழாவும் லூர்து மாதா விழாவும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. பவனியன்று முகூர்த்தம் என்றால் மல்லியை விட்டுவிட்டு சாமந்திக்கும் சம்பங்கிக்கும் போய்விடுங்கள். கடற்காற்றில் நிலைத்து நிற்பதும் அவைதான்.

உப்பும் மிளகும் காணிக்கையாகத் தேர்மேல் போடுவார்கள். உப்பு ஒயர் இணைப்புகளை அரிக்கும், கண்ணிலும் விழும். தேரின் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டிவிட்டால் கை தானாக அங்கே போகும்.

வரிசை

முன்னால் சிலுவை, இரு பக்கமும் மெழுகுவர்த்தியோடு பீடச் சிறுவர்கள். அடுத்து கொடிகள், மறைக்கல்விப் பிள்ளைகள், சபைகள், அன்பியங்கள், பாடகர் குழு, பேண்டு, தேர்கள், பங்குத்தந்தை, கடைசியில் மீதிக் கூட்டம். பல தேர் இருந்தால் மிக்கேல் அதிதூதர் முதலில், பாதுகாவலர் கடைசியில்.

ஆயிரம் பேர் நாலு நாலாக, ஒரு மீட்டர் இடைவெளியில் நடந்தால் வரிசை 250 மீட்டர் நீளும். முன்பக்கம் இரண்டாவது தெருவில் திரும்பும்போது தேர் இன்னும் முதல் தெருவில் இருக்கும். செபமாலை முன்னால் மூன்றாம் மணியில், பின்னால் ஏழாம் மணியில் கேட்கும். ஒயர்லெஸ் மைக் கட்டடங்களுக்கு நடுவே அவ்வளவு தூரம் எட்டாது. இரண்டு ஸ்பீக்கர் வண்டி வையுங்கள். முன்வண்டி செபமாலை, பின்வண்டி தேருக்குப் பக்கத்தில் பாட்டும் மன்றாட்டு மாலையும். பேண்டு இரண்டுக்கும் நடுவில் வாசிக்கக் கூடாது என்பதல்ல, எப்போது வாசிப்பது என்று பேண்டு மாஸ்டருக்குத் தெரிய வேண்டும். செபமாலையில் பத்து மணிகள் சொல்லி முடிந்ததும் ஒரு பாட்டு, பிறகு அமைதி. சினிமா மெட்டு வேண்டாம் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பாதி வழியில், அதுவும் இளைஞர்கள் ஆடத் தொடங்கிய பிறகு சொன்னால் எடுபடாது.

மெழுகுவர்த்தியைக் காகிதக் கப்பின் அடியில் துளை போட்டுச் செருகினால் கையில் மெழுகு சொட்டாது. ஆனால் கடலைப் பார்த்த தெருவில் எப்படியும் அணையும். பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் பற்றவைக்கும் போதுதான் முன்னால் நிற்பவரின் பின்னலும் துப்பட்டாவும் தீப்பிடிக்கும். பத்து வயதுக்குக் கீழே பேட்டரி மெழுகுவர்த்தி கொடுங்கள்.

மழை ஜூன் மாலைகளிலும் வரும். வடகிழக்குப் பருவமழையை மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். தேரின் அடியில் தார்ப்பாய் மடித்து வைத்திருங்கள். முதல் தூறலிலேயே ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, பேட்டரி விளக்கோடு பக்கத்து நிறுத்தம் வரை போங்கள். இடி கேட்டால் தேரை அங்கேயே நிறுத்தி, மக்களைத் தேரின் கூரைக்குக் கீழே ஒதுங்க விடாமல் வீடுகளுக்குள் அனுப்புங்கள்.

தேர் திரும்பிய பிறகு

பவனி முடிந்ததும் பூவுக்காகக் கூட்டம் தேர்மேல் ஏறும். இரும்புச் சட்டம் கையைக் கிழிப்பது, சுரூபம் ஆடுவது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான். நாலு தொண்டர்கள் பூவைக் கழற்றிக் கீழே நின்று கொடுக்கட்டும். ஏறாமலே கிடைக்கும் என்று மைக்கில் சொல்லிவிட்டால் போதும். சுரூபத்தை இரவிலேயே இறக்க அவசரப்படாதீர்கள். களைத்த கைகள் அவை. தேரைக் கோயில் வளாகத்துக்குள் முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி, ஒருவரைக் காவலுக்கு வைத்து, காலையில் இறக்குங்கள். தெருவில் சிந்திய மெழுகைச் சுரண்டிவிட்டுப் போங்கள், விடியற்காலையில் மீன் கூடையோடு வரும் டூவீலர்கள் அதில்தான் வழுக்கும்.

கொடியிறக்கத்தன்று கொடிமரக் கப்பியைக் கழற்றிக் கிரீஸ் வைத்துத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். உப்புக் காற்றில் விட்டால் அடுத்த கொடியேற்றத்தில் கொடி பாதி மரத்தில் சிக்கி நிற்கும், கீழே ஃபாதரும் ஊரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்ஈடி பட்டைகளை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, இணைப்புகளில் வாஸ்லின் தடவிச் சுருட்டுங்கள். பேட்டரியை மாதம் ஒரு முறை சார்ஜ் போட ஒரு பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். தெருவின் அளவுகள் எழுதிய தாளைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துத் தையுங்கள். அடுத்த வருஷக் கமிட்டி அதை வைத்துக்கொண்டு மாறியவற்றை மட்டும் அளந்தால் போதும்.